ஜெர்மன்காரர் நேரம் தவறமாட்டார்

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் ‘பண்பாடுகளுக்கிடையே உரையாடல்’ என்று ஒரு தாள். நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளர் வகுத்த அளவுகோல்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இலக்கியம், வரலாறு சேர்த்தால் பயன் உண்டா? எதைச் சேர்க்கலாம்? மதிப்பெண் எப்படிப் போடுவது?

க.

அன்புள்ள க.,

மதிப்பெண்ணை உங்கள் துறைத்தலைவர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

ஹாஃப்ஸ்டீட் ஐபிஎம் ஊழியர்கள் நிரப்பிய லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை வைத்து 1980இல் அந்த அளவுகோல்களை நூலாக எழுதினார். ஒரே கம்பெனியின் ஆட்களைக் கொண்டு நாடுகளை அளந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ‘ஜெர்மன்காரர் நேரம் தவறமாட்டார்’ என்று இரண்டு மார்க்குக்கு எழுதிய பையன் ஒரு ஜெர்மன்காரரிடம் எதையும் கேட்கமாட்டான். விடைதான் கையில் இருக்கிறதே.

கொஞ்ச நாளாக என் மேசையில் கிடப்பதையே சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார். பிறகு அவரும் உடனிருந்த பாதிரியார் க்ரூண்ட்லரும் இங்குள்ளவர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். வந்த பதில்களில் 99 ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, 1714 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. மதம் மாற்ற வந்தவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள் என்று தமிழர்கள் அவர்கள் முகத்துக்கு நேரே எழுதியதும் அதில் இருக்கிறது. பாதிரிகள் அடிக்குறிப்பில் மறுத்தார்கள், ஆனால் பதிலை நீக்கவில்லை. கேட்பது, காத்திருப்பது, வந்தது கசந்தாலும் எழுதி வைப்பது. இலக்கியமும் வரலாறும் பழக்குவது இதைத்தான். வேறு எதைச் சேர்த்தாலும் இது இல்லையென்றால் வீண்.

உங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறவரை உங்கள் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ‘வடக்கன்’ என்றுதானே? நீங்கள் திருத்தினீர்களா? அவர் வீட்டில் பேசுவது இந்திதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? மைதிலியாக இருக்கலாம், சந்தாலியாக இருக்கலாம். இரண்டும் 2003இலேயே அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறிவிட்டன. ஃபிராங்க்ஃபர்ட்டில் கைகுலுக்கக் கற்றுத்தருகிறீர்கள், பத்தடி தள்ளி நிற்பவரின் மொழி தெரியாது. வெட்கமாக இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது எனக்கும் சேர்த்துத்தான். சென்னையில் விடுதியில் என் அறைத்தோழன் மணிப்பூர்க்காரன். அவன் அவித்துப் புளிக்கவைத்த சோயா வாசனைக்கு முகம் சுளித்து வார்டனிடம் போனவன் நான். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் தெருவே மணக்கும். அது அன்று நினைவுக்கு வரவில்லை. இரண்டு வருடம் அவனுக்கு நான் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பொறுமையாகக் கேட்டான். அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அவன் அறையைக் காலி செய்தபின் அலமாரியில் ஒரு நோட்டு கிடந்தது. ஒரு பக்கம் தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். எதிரே அவன் மொழியில் பொருள். அது மணிப்பூர் மலைகளில் பேசும் தாங்குல் மொழி என்று தெரிந்துகொள்ள எனக்கு மேலும் நான்கு வருடம் ஆனது. முதல் பக்கத்தில் முதல் சொல், ‘மச்சான்’.