நன்கொடைக்காக இங்கிலாந்தில் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

நான் ஒரு குழுவோடு எட்டு நாள் நடந்தேன். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் முடியும் சவுத் டவுன்ஸ் வே என்ற நடைபாதை, மொத்தம் 160 கிலோமீட்டர். அப்பாவைக் கடைசி ஆறு வாரம் வைத்துப் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்கு, அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இல்லத்துக்கு, நன்கொடை திரட்ட நடந்தேன். அங்கே நோயாளியிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. நன்கொடைகளை நம்பித்தான் நடத்துகிறார்கள். எட்டு நாளையும் எழுதினால் நீளும், கடைசி நாளை மட்டும் சொல்கிறேன்.

ஆல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். எழுந்ததும் முதல் வேலை பாதம்தான். விரலிடுக்கு, குதிகால் எல்லாம் வாஸ்லின் தேய்த்து, மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று. மூன்றாம் நாள் குதிகாலில் லேசாகச் சுட்டது. அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நடந்தேன். நாணய அளவுக்குக் கொப்புளம் வந்துவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்: காலில் எங்கே சூடு தெரிந்தாலும் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

அப்பாவுக்குப் பாதம் வறண்டு வெடித்திருந்தது. ஒரு நர்ஸ் தினமும் சாயங்காலம் கட்டிலருகே முட்டி போட்டு, ஒவ்வொரு விரலாக க்ரீம் தடவிவிடுவார். நடந்த எட்டு நாளும் வாஸ்லின் டப்பாவைத் திறக்கும்போது அந்தக் கைகள்தான் ஞாபகம் வந்தன.

அன்றைக்கு சுமார் 17 கிலோமீட்டர். கக்மியர் ஆற்றோரமாகப் போய், ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் படியேறினால் உச்சியில் ஒரு கல் சுவர் வரும். அதைத் தாண்டியதும் கீழே ஆறு பாம்பு மாதிரி நெளிந்து கடலுக்குப் போகிறது. அங்கே கடலை மிட்டாய் தின்றுகொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். அவசரப்பட வேண்டிய இடமே இல்லை அது.

அப்புறம்தான் செவன் சிஸ்டர்ஸ். கடலோரம் வரிசையாக நிற்கும் வெள்ளைச் சுண்ணப்பாறை முகடுகள். பெயர்தான் ஏழு, ஏறி இறங்கினால் எட்டு. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் இறங்கிய உயரத்தை உடனே திரும்ப ஏற வேண்டும். மழை பெய்தால் சுண்ணப்பாறை சோப்பு போல வழுக்கும். விளிம்புக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அடியில் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999-ல் அந்தக் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை தருபவர் அங்கே போதிய வரி கட்டுபவராக இருந்து, நன்கொடைப் படிவத்தில் 'கிஃப்ட் எய்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக வரும். எங்கள் அலுவலகத்தில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். சொல்லக் கூச்சப்படாதீர்கள், ஒரு நர்ஸின் சம்பளத்தில் சேரும் காசு அது.

எங்கள் குழுவில் எல்லோரும் முதுகுப்பையில் ஓர் அட்டை குத்தியிருந்தோம், யாருக்காக நடக்கிறோமோ அவர் பெயருடன். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நடப்போம். அதனால் முகம் பார்த்துப் பேசாதவர்களின் அம்மா பெயரும் தங்கை பெயரும்கூட மனப்பாடமாகிவிட்டன.

கடைசி ஏற்றம் பீச்சி ஹெட், 162 மீட்டர் உயரம். அங்கே எனக்குப் பின்னால் வந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, அறுபது வயதுக்கு மேலிருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "காலையிலிருந்து உங்கள் அப்பா பெயரைப் படித்துக்கொண்டே வருகிறேன். அதை எப்படிச் சொல்ல வேண்டும்?"

அப்பா பெயரில் ஒரு ழகரம் உண்டு. நாக்கை மடித்துக் காட்டினேன். முதல் முறை லகரம் வந்தது. இரண்டாம் முறை ரகரம். விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கீழே ஈஸ்ட்போர்னில் பாதை முடிகிற இடத்தில் நான் புல்லில் உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையைப் பார்க்காமலே ஒரு முறை சொன்னார். சரியாக வந்தது.