எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை குடும்பம்

கேள்வி (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஈரோடு வாசகர்):

எனக்கு வயது 67. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நான், மனைவி, மகன், மருமகள், பேரன், பேத்தி என்று ஆறு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனால் ஆளுக்கு ஒரு மூலை, ஆளுக்கு ஒரு செல்போன். என் சின்ன வயதில் நோம்பி, பண்டிகை என்று சந்தகை பிழிகிற அன்று வீடே கலகலவென்று இருக்கும். அந்த ஒட்டுதல் இப்போது இல்லை. போன மாதம் ஒரு சட்டம் போட்டேன். இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை குடும்ப நேரம். எல்லாரும் செல்போனை ஒரு கூடையில் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் நாள் பேசினார்கள். இரண்டாம் நாள் பேரன் தூங்கிவிட்டான். மூன்றாம் நாள் மருமகள், "பாத்திரம் கிடக்குதுங்க மாமா" என்று எழுந்து போய்விட்டாள். அதோடு சரி. ஒட்டி வாழும் குடும்பம் இனி கதையில் மட்டும்தானா?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் என் கண் உங்கள் மருமகள் சொன்ன அந்த ஒரு வரியில்தான் போய் நின்றது. பாத்திரம் கிடக்கிறது. உண்மைதானே? ஆறு பேர் சாப்பிட்ட பாத்திரம், தானாகவா கழுவிக்கொள்ளும்? நீங்கள் குறித்த எட்டிலிருந்து ஒன்பது உங்களுக்கு ஓய்வு நேரம், அவருக்கு வேலை நேரம். நீங்கள் கூட்டிய சபையில் அவர் உட்கார்ந்தால், படுக்கப்போவது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அவர் ஒன்றும் சட்டத்தை மீறவில்லை சார், கணக்குப் பார்த்திருக்கிறார்.

அவர் எழுந்து போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நாற்காலியிலேயே இருந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாம்.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்கள் 97 நிமிடம். பரவாயில்லையே என்று யாரும் மீசையைத் தடவ வேண்டாம். வீட்டு வேலையில் கை வைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி அது. அப்படிக் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். மிச்சம் இருக்கிற 74 ஆண்களும் ஹாலில், ஒட்டுதல் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, சந்தகைக்கு வருவோம். நீங்களே எடுத்துக்கொடுத்த பேச்சு அது. எனக்கும் பிடித்த பேச்சு.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்கள் சந்தகையை இடியாப்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். நூல் நூலாக இருப்பது ஒன்றுதான் ஒற்றுமை. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து அப்புறம் வேகவைப்பார்கள். சந்தகையில் புழுங்கல் அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, அந்தச் சூட்டோடு பிழிய வேண்டும். அந்தச் சூடுதான் முக்கியம். ஆறினால் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் இறங்காது. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்தது மூன்று கால் வைத்த இரும்பு மிஷின். ஒருவர் கால்களை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மேலே கைப்பிடியைத் திருக வேண்டும். ஒருவர் கீழே தட்டத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கிடையில் அடுப்படியில் அடுத்த ஈடு வெந்து தயாராக இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் யாராவது தேங்காய் துருவிப் பால் பிழிய வேண்டும். தனி ஆளாகச் செய்ய முடியாத பலகாரம் அது. அன்றைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்றால், அந்தச் சூடு ஆறிவிடுமே என்பதற்காக இருந்தார்கள். யாரும் கூடை வைத்து எதையும் வாங்கிப்போடவில்லை.

எங்கள் பெரிய மாமாவுக்கும் சின்ன மாமாவுக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு. நாலு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் நோம்பி வந்தால் மிஷினைப் பிடிக்கப் பெரியவர், திருகச் சின்னவர். அந்த வீட்டில் அந்த வேலைக்குத் தெம்பு இருந்த கைகள் அவை மட்டும்தான். "கெட்டியாப் புடிங்க." "ம்." நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்று அம்மிச்சி சொல்லிச் சிரிப்பார். ஐந்தாவது வருஷம் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. மிஷின்தான் சேர்த்துவைத்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பங்கு பிரித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உங்கள் ஞாபகத்தில் இருக்கிற கலகலப்பு, தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் ஞாபகம். என்னுடையதும் அப்படித்தான். விடியக்காலையில் எழுந்து ஆட்டாங்கல்லில் அரிசி ஆட்டியவர்களுக்குத் தோள்பட்டை வலிதான் ஞாபகம் இருக்கும். அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) முதல் ஈடு, மாப்பிள்ளைகளுக்கு இரண்டாவது, அப்புறம் எங்கள் பட்டாளம். அம்மிச்சியும் அத்தைமார்களும் கடைசியில் ஆறிப்போன சந்தகையை, தண்ணீர் விட்டு நீட்டிய தேங்காய்ப்பாலோடு சாப்பிட்டார்கள் என்று என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு. அதுவரை அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை. அதனால் அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நீங்கள் வேண்டிக்கொண்டால் நான் கூடச் சேர மாட்டேன்.

இப்போது சந்தகை கடையில் கிடைக்கிறது. புளி, கொட்டை எடுத்தே வருகிறது. அரிசியில் கல் கிடையாது, முறமும் கிடையாது. பூண்டுகூட உரித்து டப்பாவில் விற்கிறார்கள். இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். 299 நிமிடத்தில் ஏதாவது குறைகிறது என்றால் குறையட்டும். ஆனால் புளி தட்ட உட்கார்ந்த திண்ணையிலும் கல் பொறுக்க உட்கார்ந்த நடையிலும்தான் ஊர்க்கதை, கல்யாணப் பேச்சு, மாமியார் மேல் புகார் எல்லாம் ஓடின. வேலை பாக்கெட்டுக்குள் போனதும் உட்கார ஒரு காரணம் இல்லாமல் போனது. காரணம் போன இடத்தில் நீங்கள் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

அப்படி வெறுமனே உட்காரச் சொன்னால் யாருக்குப் பேச்சு வரும்? எதிர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "சரி, பேசு" என்றால் பெண் பார்க்க வந்த மாதிரிதான் இருக்கும். பதினாலு வயசுப் பையனை "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடா நடந்தது" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல." அதே பையன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பள்ளிக்கூடத்தையே கொட்டுவான். முகத்தைப் பார்க்க வேண்டாம், பார்வைக்கு வேறு வேலை இருக்கிறது, அதனால் வாய்க்குக் கூச்சம் போய்விடுகிறது. வெங்காயம் உரிக்கிற இடத்திலும் துணி மடிக்கிற இடத்திலும் அதேதான் நடக்கும். செல்போனைப் பிடுங்க வேண்டிய அவசியமும் வராது. வெங்காயக் கையோடு அதை எவன் தொடுவான்?

(செல்போனைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் தினமும் திட்டுகிறேன், அதிலேயே.)

யோசனை கேட்காமலே நான் நிறையப் பேசிவிட்டேன். கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். கூடையை எடுத்துவிடுங்கள். அதே கூடையோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போங்கள். தக்காளியை அவள் பொறுக்கட்டும், இரண்டு சொத்தையாக வந்தால் வரட்டும். திரும்பி வந்து அன்றைக்கு மதியம் அரிசிம்பருப்பு உங்கள் பொறுப்பு என்று வீட்டில் அறிவியுங்கள். அதற்குப் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு, சீரகம் தாளித்து, அரிசியும் துவரம்பருப்பும் போட்டுக் குக்கரை மூடுகிற வேலை. தண்ணீர் அளவை மட்டும் உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, "நீ போய் உட்கார்" என்று சொல்லிவிடுங்கள். அவர் நம்ப மாட்டார், வாசற்படியில் நின்று பார்ப்பார். நிற்கட்டும். மகனுக்குப் பாத்திரம். அவர் முணுமுணுப்பார், நீங்கள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினால் ரொம்ப நேரம் முணுமுணுக்க முடியாது.

மருமகள்? அன்றைக்கு அவர் என்ன செய்கிறார் என்று தயவுசெய்து கவனிக்காதீர்கள். தூங்கினாலும் சரி, ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போன் பார்த்தாலும் சரி.

பரணில் அந்தச் சந்தகை மிஷின் இன்னும் இருக்கிறதா? பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். இருந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள், ஆனால் உடனே அதில் கை வைக்க வேண்டாம். முதலில் வெங்காயம். கால் கிலோ போதும், கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் சுலபமாக வரும். அரைக் கிலோவில் ஆரம்பித்தீர்கள் என்றால் பேரன் ஓடிவிடுவான்.