கியோட்டோ மாநாடும் கையிலிருக்கும் 2 நாளும்

வணக்கம். ஜப்பானின் கியோட்டோ நகரில் உங்களுக்கு 4 நாள் மாநாடு, அப்புறம் 2 நாள் விடுப்பு. 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்களில் சுற்றுவதற்கான பயண அட்டை) வாங்கி டோக்கியோவையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2023 அக்டோபரில் அந்தப் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ போய்வர தனி டிக்கெட்டே சுமார் 28,000தான். டோக்கியோவையே விட்டுவிட்டால் அலைச்சலும் மிச்சம்.

விடுப்பில் ஒரு நாளைப் பக்கத்து ஊரான நாராவுக்கே கொடுங்கள். தோதாய்ஜி கோயிலின் பெரிய வெண்கலப் புத்தரை அவசரமாகப் பார்த்தால் மனது ஆறாது. மாநாட்டு நாட்களிலும் காலை வீணாக வேண்டாம்: கியோட்டோவின் கியோமிசுதெரா கோயில் 6 மணிக்கே திறக்கும். ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் கட்டணமும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. விடியலில் அந்தச் சிவப்புத் தோரண வாயில்களுக்குள் நடந்துவிட்டு அமர்வுக்குப் போகலாம்.

ஆமாம், விசாவுக்குத் தரும் பயணத்திட்டத்தில் இந்த 2 நாளையும் தங்குமிடத்தோடு எழுதிவிடுங்கள்.