ஏசி அறையில் ஃபைட்டர் மீன்: தொட்டித் தண்ணீரின் சூட்டை எப்படி நிலையாக வைப்பது?

கேள்வி: சென்னை. படுக்கையறையில் 5 லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு பெட்டா (ஃபைட்டர் மீன்) இருக்கிறது. இரவு முழுக்க ஏசி 24-ல் ஓடும், பகலில் அறை பூட்டிக் கிடக்கும். காலையில் பார்த்தால் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. ஹீட்டர் வாங்க வேண்டுமா? கோடையில் ஐஸ் போடலாமா?

பதில்:

ஹீட்டர் வேண்டும். ஆனால் முதலில் கிண்ணத்தை மாற்றுங்கள். 5 லிட்டர் தண்ணீரில் ஹீட்டரும் ஆபத்து, ஐஸும் ஆபத்து. கணக்கைக் கீழே தருகிறேன்.

பெட்டாவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும். 26-ஐக் குறியாக வைத்துக்கொள்ளலாம். "இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று பலரும் கேட்பார்கள். ஏசி இல்லாத அறையென்றால், மார்கழி, தை இரவுகளைத் தவிர மற்ற நாளில் அது நியாயமான கேள்விதான். உங்கள் அறை கதை வேறு. மூடாத தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் தண்ணீர் பெரும்பாலும் அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே இருக்கும். ஏசிக் காற்று உலர்ந்தது என்பதால் இன்னும் வேகமாக இழுக்கும். ஏசி 24 என்று காட்டினால், விடியற்காலையில் கிண்ணத்துத் தண்ணீர் 22-க்கு வந்திருக்கும். பூட்டிய அறையில் மதியம் அதே தண்ணீர் 31-ஐத் தொடும். தினமும் 9 டிகிரி ஏறி இறங்குகிறது என்று அர்த்தம்.

மீனுக்கு நம்மைப் போல உடற்சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. தண்ணீர் 22 என்றால் மீனும் 22. செரிமானம் மந்தமாகும், முந்தைய இரவு போட்ட தீனி வயிற்றிலேயே நிற்கும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். இப்படி ஏறி இறங்கும் தொட்டியில்தான் வெள்ளைப் புள்ளி நோய் அடிக்கடி வரும். 29-லேயே நிலையாக இருக்கும் தண்ணீரில் பெட்டா சமாளித்துவிடும்; 22-க்கும் 31-க்கும் இடையே தினமும் ஆடும் தண்ணீரில் சமாளிக்காது.

"தாய்லாந்து வயல்காட்டுத் தண்ணீரில் வாழ்கிற மீன்தானே, அங்கே வெயில் அடிக்காதா?" என்றும் கேட்பார்கள். அடிக்கும். ஆனால் வயலில் பயிரின் நிழல் உண்டு, அடிச்சேறு உண்டு, ஓரமாக ஆழம் உண்டு. மீன் தனக்குத் தோதான இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். கிண்ணத்தில் எங்கே போகும்? கொளத்தூர் கடைகளில் சின்னச் சின்ன பாட்டில்களில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். அது விற்கும்வரை வைத்திருக்கும் ஏற்பாடு.

இப்போது கணக்கு. 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற சுமார் 4,200 ஜூல் வேண்டும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன ஹீட்டர் 25 வாட். அதன் தெர்மோஸ்டாட் (குறித்த சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே அணைக்கும் சுவிட்ச்) ஒருநாள் ஒட்டிக்கொண்டு, அணையாமல் ஓடுகிறது என்று வையுங்கள். 5 லிட்டரில் மணிக்கு 4 டிகிரிக்கு மேல் ஏறும். நீங்கள் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் மீன் வெந்துவிடும். 20 லிட்டரில் அதே ஹீட்டர் மணிக்கு 1 டிகிரிதான் ஏற்றும். அதிலும் பாதி காற்றில் போய்விடும். மாலையில் வந்து பிளக்கைப் பிடுங்க அவகாசம் கிடைக்கும். எனவே 20 லிட்டர் தொட்டி, 25 வாட் ஹீட்டர். இடம் இல்லை என்றால் 15 லிட்டர் வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

அறையைவிடத் தண்ணீர் 5 டிகிரி கூட இருக்க வேண்டும் என்றால் 20 லிட்டருக்கு 25 வாட் போதும். 10 டிகிரி கூட வேண்டும் என்றால் 50 வாட். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் 50 வாட்டில் தொடங்கி, தொட்டியின் பின்புறமும் இரு பக்கமும் ஓர் அங்குல தெர்மாகோல் ஒட்டிவிடுவது நல்லது. உங்களுக்கு 25 தாராளம். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினாலும் 0.3 யூனிட்தான், மாதம் 9 யூனிட்.

வாங்கும்போது முழுக்கத் தண்ணீரில் மூழ்கும் வகையா, தெர்மோஸ்டாட் உள்ளதா என்று பாருங்கள். யுஎஸ்பி வயரில் வரும் மலிவான குட்டி ஹீட்டர்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டே இருக்காது, சொருகினால் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஹீட்டரைப் படுக்கையாகவோ சாய்வாகவோ ஒட்டுங்கள். தண்ணீர் அசையாத மூலையில் வைத்தால் ஹீட்டரைச் சுற்றி மட்டும் 26 இருக்கும், அது அணைந்துவிடும், மறுமுனையில் 23 நிற்கும். பெட்டாவுக்கு வேகமான ஓட்டம் ஆகாது என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் மெல்லிய குமிழே போதும்.

கண்ணாடி ஹீட்டர் உடைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க மறப்பது. பாதித் தண்ணீர் இறங்கியதும் ஹீட்டர் வெளியே தெரியும், சூடேறிக்கொண்டே இருக்கும், அதன்மேல் புதுத் தண்ணீர் பட்டதும் டப்பென்று விரியும். பிளக்கைப் பிடுங்கி 15 நிமிடம் ஆறவிட்டு, பிறகு தண்ணீரில் கை வையுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே வளைந்து தொங்க வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

ஹீட்டரின் திருகில் 26 என்று வைத்தால் தண்ணீர் 26 ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். தனியாக ஒரு தெர்மாமீட்டர் அவசியம். வெளிக்கண்ணாடியில் ஒட்டும் பட்டை அறைச் சூட்டையும் கலந்து காட்டும், ஏசி அறையில் அது பயன்படாது. ரப்பர் உறிஞ்சி வைத்த கண்ணாடி தெர்மாமீட்டரோ, தண்ணீருக்குள் விடும் முனை கொண்ட டிஜிட்டலோ வாங்குங்கள். அது சரியா என்று பார்க்க, ஒரு டம்ளரில் சுமார் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, நீர் புகாத காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையையும் இதையும் சேர்த்து விடுங்கள். எவ்வளவு வித்தியாசமோ அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். முதல் 2 நாள் மீன் இல்லாமல் ஹீட்டரை ஓடவிட்டு, ஏசி ஓடும் விடியற்காலையிலும் மதியத்திலும் அளந்து குறித்து வைத்தால் திருகை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும்.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் எஸ்டிசி 1000 போன்ற தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நடுவில் சேர்க்கலாம். ஹீட்டரில் 26, பெட்டியில் 27.5. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும் பெட்டி மின்சாரத்தை வெட்டிவிடும். நேரடி மின் இணைப்பு வேலை என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஹீட்டர் இரவைப் பார்த்துக்கொள்ளும். சித்திரை, வைகாசிப் பகலுக்கு அதனால் உதவி இல்லை.

ஐஸ் கேட்டிருந்தீர்கள். ஃப்ரீசரில் உறைந்த கால் லிட்டர் பாட்டில் ஒன்று முழுக்க உருகினால் 20 லிட்டரைச் சுமார் 1.5 டிகிரி இறக்கும். அவசரத்துக்குச் சரி. அதே பாட்டில் 5 லிட்டர் கிண்ணத்தில் 5 டிகிரிக்கு மேல் இறக்கும். மீனுக்கு அது அடிதான். ஐஸ் கட்டியை நேரடியாகத் தண்ணீரில் போடவே கூடாது. பாட்டிலும் உருகி முடிந்ததும் சூடு மறுபடி ஏறும், மறுபடி ஆட்டம்.

இதைவிட விசிறி மேல். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றை அதற்கேற்ற அடாப்டரில் கோத்து, தண்ணீர் மட்டத்தின்மேல் சாய்வாகக் காற்று படும்படி வையுங்கள். 100 மில்லி தண்ணீர் ஆவியானால் 20 லிட்டரிலிருந்து கிட்டத்தட்ட 3 டிகிரிக்கான சூடு வெளியேறும். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும். மதுரை, திருச்சியின் வறண்ட வெயிலில் 3, 4 டிகிரி இறங்கும் இடத்தில், சென்னைக் கடற்காற்று வீசும் நாளில் 2 டிகிரி கிடைத்தாலே அதிகம். விசிறியைப் பகலில் மட்டும் டைமரில் ஓட்டுங்கள். இரவில் விசிறி ஒருபக்கம் குளிர்விக்க, ஹீட்டர் மறுபக்கம் சூடாக்க என்று இரண்டும் மல்லுக்கட்டக் கூடாது. விசிறி இருக்கும்போது மூடி போட முடியாது, பெட்டா துள்ளும். மேலே கொசுவலைத் துண்டு கட்டிவிடுங்கள். குறைந்த தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாகிறது வெறும் நீர்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்குகிறது. அதன்மேல் போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். இரவில் விசிறியை நிறுத்தியதும் மூடியைப் போடுங்கள், ஆனால் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். பெட்டா மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தண்ணீர் 26, மேலே ஏசியின் குளிர்ந்த காற்று என்றிருப்பது அதற்கு நல்லதல்ல.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் தண்ணீரில் அமோனியா சேரும். சூடு ஏறும்போது அதன் விஷமும் கூடும். பிஎச் 8 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு 25 டிகிரியில் சுமார் 5 சதவீதம், 30 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல். கோடையில் தீனியைக் கூட்டாமல், மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் மாற்றும்போதுதான் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதை அப்படியே ஊற்றினால் மீன் பிழைப்பது கஷ்டம். முதல் நாள் இரவே வாளியில் பிடித்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். ஊற்றுமுன் இரண்டையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர் கலந்து சரிசெய்யலாம். ஒரு தடவைக்கு கால்பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

தொட்டியை ஏசி காற்று நேரே படும் இடத்திலும், மேற்கு ஜன்னல் ஓரத்திலும், ஃப்ரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம், ஏசியும் சேர்ந்துதான் நிற்கும். இன்வெர்ட்டர் இருந்தால் 25 வாட் அதற்கு ஒரு சுமையே இல்லை.

உங்கள் மீனை இன்றே சரிசெய்ய: ஏசியை 27-க்கு ஏற்றுங்கள், கிண்ணத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டுங்கள், இன்று தீனி வேண்டாம். புதுத் தொட்டி தயாரானதும் மீனைக் கவரில் எடுத்து 20 நிமிடம் மிதக்கவிட்டு இறக்குங்கள். 22-ல் இருந்த மீனை ஒரேயடியாக 26-ல் விடாமல், புதுத் தொட்டியின் தண்ணீரைக் கிண்ணத்தின் சூட்டிலேயே தொடங்கி, மணிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாதபடி கொண்டுவாருங்கள். 26-ல் 2 நாள் நிலையாக இருந்தும் அடியிலேயே கிடந்தால் சூடு காரணமில்லை. அமோனியா சோதனைச் சொட்டு வாங்கித் தண்ணீரைப் பாருங்கள்.