தேதி குறிப்பது யார்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் எப்போதாவது ரெஸ்லிங் பற்றி எழுதும் குறிப்புகளைத் தேடிப்பிடித்துப் படிப்பவன் நான். எங்கள் நண்பர்களுக்குள் ஒரு சண்டை, நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ, தன் பே-பர்-வியூ (தனியாகப் பணம் கட்டி டிவியில் பார்த்துவந்த பெரிய நிகழ்ச்சிகள்) அட்டவணையை மொத்தமாகக் கலைத்துப்போட்டுவிட்டது. முன்பெல்லாம் மாதம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் சனிக்கிழமை. ஐரோப்பாவில் நடந்தால் அமெரிக்காவில் பட்டப்பகல். சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சி இரண்டு நாள். டிசம்பரில் ஒன்றுமே இல்லை. 2026 ராயல் ரம்பிள் ரியாத்தில், எல்லாவற்றிலும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவும் 2027ல் சவூதியில். மாதம் ஒரு பெரிய நிகழ்ச்சி இருந்தால்தான் கதை (வீரர்களின் பகையும் வெற்றிதோல்வியும் முன்பே எழுதிவைப்பதுதானே) ஓடும் என்பது என் கட்சி. குறைந்தது நல்லதுதான், கதைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது என்பது எதிர்க்கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? பணத்துக்காக ரசிகனை மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்வது தப்பா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒன்று. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டே சண்டை போடுகிறீர்கள், ஆனால் அது குறையவில்லை. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1 ராயல் ரம்பிளில் இருந்து நவம்பர் 29 சர்வைவர் சீரிஸ் வரை பன்னிரண்டு நிகழ்ச்சிகள், அதாவது உங்கள் பழைய கணக்குப்படி மாதம் ஒன்றேதான். ஆனால் பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ரம்பிளுக்கும் ரெஸில்மேனியாவுக்கும் இடையில் பதினோரு வாரம், நடுவில் டொராண்டோவில் எலிமினேஷன் சேம்பர் என்ற ஒரே ஒரு நிகழ்ச்சி. அப்புறம் ஜூன் 7ல் இருந்து அக்டோபர் 11 வரையிலான பதினெட்டு வாரத்தில் ஏழு நிகழ்ச்சிகள், அதில் ஒன்று இரண்டு நாள் சம்மர்ஸ்லாம். பாதி வருஷம் பட்டினி, பாதி வருஷம் அஜீரணம். உங்கள் நண்பர்கள் புகழும் 'மூச்சுவிட நேரம்' ரெஸில்மேனியாவுக்கு முன்பு மட்டும்தான் இருக்கிறது.

பணத்துக்காக ரசிகனை மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். பணத்தைப் பார்க்காமல் இவர்கள் தேதி குறித்தது எப்போது என்று சொல்லுங்கள். 1983ல் இருந்து, போட்டி நிறுவனக்காரரான ஜிம் கிராக்கெட்டின் ஸ்டார்கேட் நிகழ்ச்சி தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் வரும் அமெரிக்க விடுமுறை) நாளில் நடந்துவந்தது. 1987ல் அன்றைய டபிள்யூடபிள்யூஇ முதலாளி வின்ஸ் மக்மஹோன் அதே நாளில் சர்வைவர் சீரிஸ் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார், கையோடு கேபிள் கம்பெனிகளிடம், ஸ்டார்கேட்டைப் போட்டால் அடுத்த ரெஸில்மேனியா உங்களுக்குக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான் கிராக்கெட் பக்கம் நின்றன. இன்று நாம் ஏதோ காலங்காலமாக வந்த மரபுபோலப் பேசும் 'பிக் ஃபோர்' (ரம்பிள், ரெஸில்மேனியா, சம்மர்ஸ்லாம், சர்வைவர் சீரிஸ்) நிகழ்ச்சிகளில் ஒன்று, போட்டிக்காரரின் வயிற்றில் அடிப்பதற்காகக் குறித்த தேதியில் பிறந்ததுதான். நீங்கள் ஏங்கும் மாதம் ஒன்று என்ற ஒழுங்கும் 1995 மே மாதம் 'இன் யுவர் ஹவுஸ்' என்ற சிறிய நிகழ்ச்சி வந்த பிறகு ஏற்பட்டதுதான். இரண்டு மணி நேரம், 14.95 டாலர், பெரிய நிகழ்ச்சிகள் இல்லாத மாதங்களிலும் கல்லா நிறைய வேண்டும் என்பதற்காக.

அப்படியானால் எதுதான் மாறியது? பணம் கொடுக்கும் ஆள் மாறிவிட்டார். என் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

2006ல் பதினாறு பே-பர்-வியூ. நவம்பர் 5 சைபர் சண்டே, 26 சர்வைவர் சீரிஸ், டிசம்பர் 3 டபிள்யூடபிள்யூஇயின் ஒரு பிரிவான இசிடபிள்யூவின் டிசம்பர் டு டிஸ்மெம்பர், 17 ஆர்மகெடான். ஆறே வாரத்தில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணம். இதில் அந்த டிசம்பர் 3 நிகழ்ச்சியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முன்கூட்டி அறிவித்தது இரண்டே போட்டிகள். மீதியை ஜனங்கள் அங்கே வந்து தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிரதானப் போட்டியான எலிமினேஷன் சேம்பரில் (ஆறு பேர் கூண்டுக்குள் மோதி ஒவ்வொருவராக வெளியேறுவது) இருக்க வேண்டிய சாபு என்ற வீரரை அன்றைக்கே அரங்கின் பின்பக்கம் அடிபட்டுக் கிடப்பதாகக் காட்டி, ஹார்ட்கோர் ஹோலியைக் கொண்டுவந்து நுழைத்தார்கள். கூட்டம் ஆசையாகக் கத்திக்கொண்டிருந்த சிஎம் பங்க் முதல் ஆளாக வெளியே போனார். வாங்கிப் பார்த்தவர்கள் சுமார் 90,000 பேர், டபிள்யூடபிள்யூஇ சரித்திரத்தில் அதுவரை இல்லாத அடிமட்டம். இசிடபிள்யூவின் கதையைக் கவனித்துவந்த பால் ஹேமன் மறுநாளே கம்பெனியை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷம் ரெஸில்மேனியாவுக்குப் பிறகு ரா, ஸ்மாக்டவுன், இசிடபிள்யூ என்று தனித்தனியாக நிகழ்ச்சி நடத்திவந்த மூன்று பிரிவுகளையும் ஒரே நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பதினாறு என்ற கூத்தும் முடிந்தது. அன்றைக்கு நம் கையில் ஒரு பிரம்பு இருந்தது. நாம் வாங்காவிட்டால் அட்டவணை மாறும்.

2014 பிப்ரவரியில் டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க் என்ற இணையச் சேவை வந்தது, மாதம் 9.99 டாலருக்கு எல்லாம் கிடைத்தது. அன்று நாம் எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் பிரம்பு அன்றைக்கே கைவிட்டுப் போனது. இப்போது ஒரு நிகழ்ச்சி மட்டமாக இருந்தால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒளிபரப்பு உரிமைக்கு ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார் (அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 160 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன), நிகழ்ச்சி தன் ஊரில் நடக்க வேண்டும் என்று இன்னொருவர் கொடுக்கிறார். தேதி இவர்கள் இருவருக்காகவும் குறிக்கப்படுகிறது. ரியாத்தும் பெர்த்தும் பாரிசும் அட்டவணையில் வந்ததற்குக் காரணத்தைக் கதையில் தேடிப் பிரயோஜனமில்லை.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளைக் குறைசொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. 2023 மே மாதம் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்த பேக்லாஷ், ரெஸில்மேனியாவுக்கு அடுத்த மாத நிகழ்ச்சி, வழக்கமாக யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத சரக்கு. பாடகர் பேட் பன்னி, வீரர் டேமியன் பிரீஸ்ட் சண்டைக்கு நடுவே முதலில் கார்லிட்டோ, அப்புறம் சாவியோ வேகா, இரண்டு உள்ளூர்க்காரர்கள் ஓடிவந்தபோது அந்தக் கூட்டம் போட்ட சத்தம் இருக்கிறதே, பத்து வாரம் கதை கட்டினாலும் வராது. அது அந்த ஊரில் மட்டும்தான் நடக்கும்.

சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதில் எனக்குக் கருத்தே இல்லை. மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்குச் சனிக்கிழமை நல்லது.

சம்மர்ஸ்லாம் இரண்டு நாள் என்பதுதான் வேண்டாத வேலை. ரெஸில்மேனியா இரண்டு நாளானது 2020ல், ஆளில்லாத அரங்கத்தில் நடத்த வேண்டியிருந்த வருஷத்தில். அது நிலைத்ததற்கு நியாயம் உண்டு, ஏனென்றால் ஏழு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார யாராலும் முடியவில்லை. சம்மர்ஸ்லாமுக்கு அந்த நெருக்கடி எங்கே வந்தது? டிக்கெட் இரண்டு தடவை விற்கலாம், அவ்வளவுதான்.

கதைக்கு வருகிறேன், உங்கள் கட்சியோடு எனக்கு உண்மையான பிணக்கு இங்கேதான். மாதாமாதம் நிகழ்ச்சி இருந்தால் கதை ஓடும் என்கிறீர்கள். ஓடும்தான், ஆனால் காலண்டர் துரத்தித்தான் ஓடும். 2009ல் ஹெல் இன் எ செல் என்ற கூண்டுச் சண்டையை வருஷாந்திர நிகழ்ச்சியாக்கினார்கள். பகை முற்றினால் கூண்டு என்பது போய், அந்த மாதம் வந்தால் கூண்டு என்றானது. அதன் விளைவு 2019 அக்டோபர் 6, சாக்ரமெண்டோ. சேத் ராலின்ஸ் சாம்பியன், எதிரே த ஃபீண்ட் என்ற முகமூடி வீரர். அப்போதைக்கு இருவரில் யாருமே தோற்கக் கூடாது, ஆனால் தேதி வந்துவிட்டது. மொத்தப் போட்டியும் சிவப்பு விளக்கில். ஃபீண்டின் மேல் நாற்காலியும் ஏணியும் அடுக்கி ராலின்ஸ் சம்மட்டியால் அடிக்க, நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். எதற்கும் தடையில்லை என்று பெயர்வாங்கிய கூண்டுக்குள்! கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்தியது, நான்கு நாள் முன்புதான் டிவியில் அறிமுகமாகியிருந்த ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தின் பெயரையும் கூவியது.

ஆனாலும் அவசரம் சிலசமயம் கைகொடுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் முடிந்து ஒரே வாரத்தில் பேபேக். சம்மர்ஸ்லாமில் பட்டம் வென்ற அதே ஃபீண்ட் ஏழாம் நாள் அதை இழந்தார். பாவம், காலண்டர் அந்த மனிதரை விட்டபாடில்லை. ஆனால் அன்று வென்ற ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்தார். அது நன்றாக வந்ததற்குக் காரணம், அதற்கப்புறம் அவரை எல்லா நிகழ்ச்சியிலும் இறக்காமல் விட்டதுதான். ஆக, இடைவெளி அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு வீரருக்கும் தனியாகக் கொடுக்கலாம். ஏழு நிகழ்ச்சி வரும் பதினெட்டு வாரத்தில் ஒரு ஆள் மூன்றில் வந்தால் போதாதா?

2025ல், ஓய்வுபெறும் வருஷத்தில், ஜான் சீனாவுக்கு இந்த இடைவெளியைக் கொடுக்கவில்லை. ஆகஸ்ட் 31 பாரிஸில் லோகன் பால், மூன்று வாரம் கழித்து ப்ராக் லெஸ்னர், இன்னும் மூன்று வாரத்தில் பெர்த்தில் ஏஜே ஸ்டைல்ஸ். ஸ்டைல்ஸோடு நடந்தது பிரமாதம், பல வருஷப் பழைய பகை, புதிதாகக் கதை கட்டத் தேவையில்லை. லெஸ்னரோடு நடந்ததைத்தான் வீணடித்தார்கள். ஈஎஸ்பிஎன் ஒப்பந்தத்தைச் சீக்கிரமே தொடங்குவதற்காகச் செப்டம்பர் 20ல் ரெஸில்பலூசா என்று ஒன்றைப் போட்டு, முதல் போட்டியாகவே அதைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதே நாளில் ஏஇடபிள்யூவின் ஆல் அவுட் நிகழ்ச்சி. அவர்கள் அதை மதியத்துக்குத் தள்ளிக்கொண்டார்கள். 1987ன் சண்டை இன்னும் முடியவில்லை, பார்த்தீர்களா.

டிசம்பரில் ஒன்றும் இல்லை என்ற உங்கள் வருத்தத்துக்கு மட்டும் பதில் பாக்கி. சீனாவின் கடைசிப் போட்டி டிசம்பர் 13ல்தான் நடந்தது, கன்தரின் பிடியில் சிக்கி, போதும் என்று கையால் தட்டித் தோற்றார். வருஷத்தின் ஆகப்பெரிய இரவு, ஆனால் அந்தப் பன்னிரண்டு கணக்கில் வராது. காரணம் அது சாட்டர்டே நைட்ஸ் மெயின் ஈவண்ட் என்ற தனி டிவி நிகழ்ச்சி, அந்த உரிமை பீகாக் என்ற இணையச் சேவையிடம் இருந்தது. உங்கள் நண்பர்களிடம் அடுத்த அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பணம் கொடுத்தவர் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் சண்டையைத் தொடரலாம்.