கண்டத்தின் கரையும் தட்டின் விளிம்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புவித்தட்டுகளின் விளிம்பில்தான் எரிமலைகள் தோன்றும் என்று பள்ளியில் படித்தேன். அப்படியானால், எந்தக் கண்டத்தையும் ஒட்டாமல் பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாயில் எரிமலை எப்படி வந்தது? தென் அமெரிக்காவின் மேற்கில் அத்தனை எரிமலைகள் இருக்க, கிழக்குக் கரையில் ஏன் இல்லை?

க.

அன்புள்ள க.,

கண்டத்தின் விளிம்பும் தட்டின் விளிம்பும் ஒன்றே என்று கொண்டால் உங்கள் இரண்டு கேள்விகளுக்குமே விடை கிடைக்காது. அவை சில இடங்களில் மட்டுமே ஒன்றாக அமைகின்றன.

தென் அமெரிக்காவின் மேற்கில் அவ்வாறு அமைந்திருக்கின்றன. அங்கே பசிபிக் கடலின் அடியிலுள்ள நாஸ்கா என்னும் தட்டு கண்டத்துக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. இறங்கும் பாறை தன் கனிமங்களுக்குள் சிறைப்பட்ட நீரையும் உடன் கொண்டுசெல்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் அந்நீர் வெளியேறி மேலுள்ள கவசப் பாறையில் (புவியோட்டுக்குக் கீழேயுள்ள தடித்த பாறை அடுக்கில்) ஊடுருவும்போது, பாறையின் உருகுநிலை தாழ்ந்து, புதிதாக வெப்பம் சேராமலேயே அது உருகத் தொடங்குகிறது. ஆண்டிஸ் மலைத்தொடரின் எரிமலைகள் இப்படிப் பிறந்தவை. கருவிகளில் பதிவானவற்றுள் மிகப் பெரியதான, 1960-ஆம் ஆண்டின் 9.5 அளவுச் சிலி நிலநடுக்கமும் இந்த விளிம்பில்தான் நேர்ந்தது.

கிழக்கில், பிரேசிலின் கரையோடு நிலம் முடிகிறதே தவிர தட்டு முடியவில்லை. ஆழமற்ற கடலடித் தளமான கண்டத்திட்டாகச் சிறிது தூரம் சென்று, பின் சரிந்து, கடலடிப் பாறையாகி, அட்லாண்டிக்கின் நடுவிலுள்ள மலைமுகடுவரை அதே தட்டு நீள்கிறது. கண்டமும் கடல்தளமும் சேர்ந்தே நகர்வதால் அங்கே ஒன்றின் அடியில் மற்றொன்று அமிழ்வதில்லை. ஆனால் அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் அமைதியற்று இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கண்டம் பிரியத் தொடங்கிய காலத்தில், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த கற்குழம்பு, பரானா படுகையில் இன்றும் பாறையாகப் பரந்து கிடக்கிறது.

ஹவாய்க்கு விளிம்பே தேவையில்லை. கவசத்தின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான பாறை, மேலே வரவர அழுத்தம் குறைவதால் உருகுகிறது; அதற்கு மேலாகத் தட்டு வடமேற்கே நகர்ந்துகொண்டிருப்பதால் தீவுகள் வரிசையாகப் பிறக்கின்றன. இப்படிச் சூடான பாறை மேலெழும் இடமே வெப்பப்புள்ளி. தீவுகளின் வரிசைக்கு இந்த விளக்கத்தை 1963-இல் கனடாவின் புவி இயற்பியலாளர் டூசோ வில்சன் முன்வைத்தார். ஹவாய்த் தீவுகளுள் மிகப் பெரியதின் வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. வடமேற்கிலுள்ள கவாய் என்னும் தீவின் வயதோ சுமார் 50 லட்சம்.

இந்த வரிசை கடலுக்கடியில் ஏறத்தாழ 6,000 கி.மீ. நீள்கிறது; சுமார் 4.7 கோடி ஆண்டு வயதுள்ள இடத்தில் சட்டென வடக்கே திரும்புகிறது. தட்டு திசை மாறியதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எரிமலைக் குழம்பு குளிரும்போது அதிலுள்ள மேக்னடைட் என்னும் காந்தக் கனிமத் துகள்கள் அவ்விடத்துக் காந்தப்புலத்தின் சாய்வைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. அந்தச் சாய்விலிருந்து பாறை பிறந்த அட்சரேகையை அறியலாம். வடக்கு நோக்கிய பகுதியிலுள்ள எம்பரர் கடலடி மலைகளில் 2001-இல் துளையிட்டு எடுத்த பாறைகள், இன்றைய ஹவாயின் அட்சரேகைக்கு வெகு வடக்கே தாம் உருவானதைக் காட்டின. ஆகவே வெப்பப்புள்ளியும் தெற்கே நகர்ந்திருக்கிறது. அதை அசையாத புள்ளி என்று இன்னமும் கற்பிப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

வரிசையின் மிக மூத்த மலையான மெய்ஜி இப்போது ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்தை ஒட்டிய அகழியின் (ஆழ்கடல் பள்ளத்தின்) அருகே நிற்கிறது. அங்கே பசிபிக் தட்டு அமிழ்கிறது. தட்டின் நடுவே பிறந்த எரிமலை, தட்டின் உண்மையான விளிம்பை அங்கேதான் எட்டுகிறது.