டிராக்டர் லிஃப்ட் தலையாட்டினால் பம்பையா மாற்றுவது?

கேள்வி: என்னிடம் பழைய மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் இருக்கிறது. காலையில் கலப்பையை நன்றாகத் தூக்குகிறது. இரண்டு மணி நேரம் ஓடிச் சூடானதும் திணறுகிறது. தூக்கி நிறுத்தினால் கலப்பையைத் தாங்கும் லிஃப்ட் கைகள் மேலும் கீழுமாகத் தலையாட்டுகின்றன. இன்ஜினை அணைத்தால் கலப்பை தரைக்கு வந்துவிடுகிறது. லிஃப்டுக்கு எண்ணெய் தள்ளும் ஹைட்ராலிக் பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
– கரும்பு விவசாயி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: பம்புக்குப் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறிகளும் எண்ணெய்க் கசிவையே காட்டுகின்றன. கசிவால் கைகள் சற்று இறங்கும். உடனே கட்டுப்பாட்டு வால்வு திறந்து பம்ப் மறுபடி தூக்கிவிடும். அதுதான் தலையாட்டல். எண்ணெய் சூடானால் நீர்த்துப்போய், தேய்ந்த சீல் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) வழியாக இன்னும் வேகமாக நழுவும். இதற்காகக் கெட்டி எண்ணெய் ஊற்றுவோர் உண்டு, செய்யாதீர்கள். பம்புக்கு உறிஞ்சுவது கஷ்டமாகும்.

முதலில் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். மழையில் நிற்கும் வண்டியில் கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலே போதும். கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான், ஆகவே முழுவதும் மாற்ற வேண்டும்.

அடுத்து, எண்ணெயைப் பாதி வடித்துவிட்டு வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கலப்பை தூக்கிய நிலையில் இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கையை நுழைக்காதீர்கள், கலப்பையின் கீழே யாரும் நிற்கக் கூடாது. பம்பிலிருந்து மேலே போகும் செங்குத்துக் குழாயின் அடியில் எண்ணெய் வழிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போய்விட்டது. சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து கொட்டினால் பிஸ்டன் சீல். பம்பின் உடம்பிலிருந்தே வழிந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னது சரி.

குழாயின் ஓ-ரிங்தான் என்றால் அதிர்ஷ்டம். கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு, இருக்கைக்கு முன்னுள்ள சிறு மூடியைக் கழற்றிக் குழாயை மேலே உருவலாம், செலவு சொற்பம். சிலிண்டர் என்றால் லிஃப்டின் மேல்மூடி முழுவதையும் தூக்க வேண்டும். கனமானது, செயின் பிளாக் (பளு தூக்கும் சங்கிலிக் கப்பி) இல்லாமல் தொடாதீர்கள். அப்போதும் குழாயை முதலில் உருவாவிட்டால் அது வளைந்துவிடும்.

கேள்வி: பல மாதம் சும்மா கிடந்த அதே மாடல் வண்டி. இன்ஜின் ஓடுகிறது, லிஃப்ட் அசையவே இல்லை.
– வாசகர், வெருலம்

பதில்: பி.டி.ஓ. லீவரைப் பாருங்கள். பி.டி.ஓ. என்பது பின்னால் பூட்டும் கருவிகளுக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு. பம்பைச் சுழற்றுவதே பி.டி.ஓ. தண்டுதான், லீவர் நியூட்ரலில் இருந்தால் பம்ப் சும்மா நிற்கும். கிளட்சை முழுவதும் மிதித்து லீவரைப் போட்டுவிட்டு, மெதுவாக விடுங்கள்.